சுத்தியலைத் தேடியவர்

நுழையும்முன்

மெட்ரோ இரயில் நிலைய வாயிலில் காவலர் ஒருவர் சிறு கருவியொன்றை நம் உடைக்கு அருகே கொண்டுவந்து சோதிப்பதைக் கண்டிருப்பீர்கள். சட்டைப்பையில் சாவிக்கொத்து இருந்தால் அக்கருவி ஒலி எழுப்பும். அத்தகைய கருவி ஒன்று, மண்ணுக்குள் ஏறத்தாழ 1,600 ஆண்டுகள் மறைந்திருந்த செல்வத்தைக் காட்டிக்கொடுத்த வரலாற்றை இப்பாடத்தில் அறிவோம்.

வயலில் எழுந்த ஒலி

இங்கிலாந்தின் கிழக்குப் பகுதியில் சஃபோக் என்னும் மாவட்டம் உள்ளது. அங்குள்ள ஹாக்சன் என்னும் சிற்றூரில் உழவர் ஒருவர் தம் சுத்தியலை வயலில் தொலைத்துவிட்டார். அவருடைய நண்பர் எரிக் லாஸ் பணி ஓய்வு பெற்றவர். உலோகம் காணும் கருவி ஒன்றை வைத்திருந்தார். 1992ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள், நண்பருக்கு உதவும் பொருட்டு அக்கருவியுடன் வயலுக்குச் சென்றார்.

கருவி ஒலித்தது. மண்ணை விலக்கிப் பார்த்தார். அங்கே இருந்தது சுத்தியலன்று; வெள்ளிக் கரண்டிகளும் பொன் அணிகலன்களும் பொற்காசுகளும் இருந்தன. இன்னும் தோண்டியிருந்தால் இன்னும் கிடைத்திருக்கும். ஆயினும் அவர் தோண்டுவதை நிறுத்தினார். நிலத்துக்கு உரியவர்களுக்கும் காவல்துறைக்கும் செய்தி அனுப்பினார். மறுநாளே தொல்லியல் அறிஞர்கள் வந்து முறைப்படி அகழ்ந்தனர்.

கருவி இயங்கும் முறை

இக்கருவியின் அடிப்பகுதியில் வட்டமான கம்பிச்சுருள் உண்டு. அதில் மாறும் மின்னோட்டம் பாயும்போது சுற்றிலும் மாறும் காந்தப்புலம் தோன்றும். அப்புலத்தில் காசோ மோதிரமோ அகப்பட்டால், அவ்வுலோகத்தில் சிறு மின்னோட்டம் தூண்டப்படும். அது தனக்கென ஒரு காந்தப்புலத்தை உண்டாக்கும். அதனைக் கருவி உணர்ந்து ஒலி எழுப்பும். உலோகம் இருப்பதைக் கருவி அறிவிக்கும். அது பொற்காசா, துருப்பிடித்த ஆணியா என்பதை உறுதியாகக் கூறாது. ஆதலால், காடுகளிலும் வயல்களிலும் இக்கருவியோடு நடப்போர்க்குப் பெரும்பாலும் கிடைப்பவை ஆணிகளும் புட்டி மூடிகளுமே.

மண் காத்த செய்தி

ஹாக்சனில் கிடைத்த காசுகள் 14,865. அவற்றுள் ஐந்நூற்றுக்கும் மேற்பட்டவை பொற்காசுகள். மிகப் பல வெள்ளிக் காசுகள். இவற்றோடு வளையல்கள், உடலில் குறுக்காக அணியும் பொற்சங்கிலி, வெள்ளிக் கலங்கள் முதலியனவும் இருந்தன. அனைத்தும் மரப்பெட்டி ஒன்றில் ஒழுங்காக அடுக்கப்பட்டிருந்தன என்பதை அறிஞர்கள் கண்டறிந்தனர். மரம் மட்கிப்போயிருந்தாலும் அதன் சுவடுகளும் சிறிய வெள்ளிப் பூட்டுகளும் எஞ்சியிருந்தன. அவசரமாகத் தோண்டியிருந்தால் பொன் கிடைத்திருக்கும். பெட்டியின் செய்தி அழிந்திருக்கும்.

காசுகளுள் மிகப் பிந்தியவை கி.பி. 407, 408 ஆகிய ஆண்டுகளைச் சார்ந்தவை. உரோமானியர் ஆட்சி பிரித்தானியாவில் முடிவுற்ற காலம் அது. வாழ்வு நிலைகுலைந்த அந்நாளில் செல்வக் குடும்பம் ஒன்று, மீண்டும் வந்து எடுத்துக்கொள்ளலாம் என எண்ணித் தன் பொருள்களைப் புதைத்திருக்கலாம். எவரும் திரும்பி வரவில்லை. வளையல் ஒன்றில் யூலியானே என்னும் பெண்ணின் பெயரும் அவளை வாழ்த்தும் சொற்களும் பொறிக்கப்பட்டுள்ளன. அவளைப் பற்றி நமக்குக் கிடைத்துள்ள சான்று அவ்வளையல் ஒன்றே.

மிளகு சென்ற வழி

அப்புதையலில் நான்கு மிளகுச் சிமிழ்களும் இருந்தன. அவற்றுள் ஒன்று உயர்குடிப் பெண்ணின் உருவில் வெள்ளியால் செய்யப்பட்டது. ஏறத்தாழ 10 செ.மீ. உயரமுடையது. அதன் அடியில் உள்ள தட்டைத் திருப்பினால் பொடியை நிரப்பலாம், தூவலாம், மூடியும் வைக்கலாம். அக்காலத்தில் உரோமானியர் உண்ட மிளகு இந்தியாவின் மேலைக் கடற்கரைப் பகுதியில் விளைந்தது. அதற்குச் சில நூற்றாண்டுகளுக்கு முன்பே யவனர் சேரநாட்டு முசிறித் துறைக்கு வந்து மிளகு வாங்கிச் சென்றதை அகநானூறு கூறுகிறது. நம் அடுக்களையில் உள்ள மிளகு, அன்று கடல் பல கடந்து குளிர்நாட்டு மக்களின் உணவுக்கும் சுவை சேர்த்தது.

கண்டெடுத்தவர் கடமை

அரசு அப்புதையலுக்கு 17,50,000 பவுண்டு எனப் பரிசு மதிப்பிட்டது. லாஸ் அப்பரிசைத் தம் நண்பரோடு பகிர்ந்துகொண்டார். புதையல் இலண்டனில் உள்ள பிரித்தானிய அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது. தொலைந்த சுத்தியலும் பின்னர்க் கிடைத்தது. அதுவும் அதே அருங்காட்சியகத்தில் இடம்பெற்றது!

நம் நாட்டிலும் இதற்குச் சட்டம் உண்டு. 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கண்டெடுப்பவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து வழியாகத் தெரிவித்தல் வேண்டும். மண்ணில் கிடைக்கும் பழம்பொருள் ஒருவருடைய பைக்குள் போனால் அது வெறும் பொருள்; அறிஞர் கைக்குப் போனால் அது வரலாறு.

சொல்லும் பொருளும்

அணிகலன் – நகை
சிமிழ் – மூடியுள்ள சிறு கலம்
சுவடு – அடையாளம்
மட்குதல் – உலுத்து மண்ணோடு மண்ணாதல்
யவனர் – கிரேக்கர், உரோமானியர்

பயிற்சி

அ. கோடிட்ட இடத்தை நிரப்புக.
1. எரிக் லாஸ் வயலில் தேடச் சென்ற பொருள் ________.
2. சேரநாட்டுத் துறைமுகம் ________.

ஆ. பிரித்து எழுதுக.
பொற்காசு, சிற்றூர், அவ்வளையல்

இ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. கருவியின் ஒலி எதனை அறிவிக்கும்? எதனை அறிவிக்காது?
2. புதையல் கி.பி. 407க்கு முன் புதைக்கப்பட்டிருக்க இயலாது என்பதை எவ்வாறு அறிகிறோம்?

ஈ. சிந்தித்து எழுதுக.
லாஸ் தோண்டுவதை நிறுத்தாமல் இருந்திருந்தால் நாம் எவற்றை அறியாமல் போயிருப்போம்?

உ. வீட்டில் கேட்டு எழுதுக.
உங்கள் குடும்பத்தினர் சொந்த ஊரைவிட்டு வந்தபோது உடன் கொண்டுவந்த பழைய பொருள் எது? அதனை ஏன் விட்டுவர மனமில்லை? பெரியோரிடம் கேட்டுப் பத்து வரிகளில் எழுதுக.