மலர் வந்தனையும் ஆற்றங்கரை நடையும்



சென்ற பங்குனி மாதத்து ஞாயிறு ஒன்றில் வடாலாவிலிருந்து நம்மவர் இருபத்து மூவர் ரயிலேறி, அந்தேரியில் வண்டி மாறிப் பொரிவலியில் இறங்கினோம். சஞ்சய் காந்தி தேசியப் பூங்கா என வழங்கும் காட்டினுள் துளசி ஏரிப் பக்கம் தோன்றி வருவது தஹிசர் ஆறு. நகருக்குள் புகுந்தபின் அதனைச் சாக்கடையென்றே பலரும் அறிவர். காட்டினுள்ளோ அது ஆறாகவே இருக்கிறது. பங்குனியில் நீர் மெலிந்து கரும்பாறைகளுக்கிடையே குட்டை குட்டையாய் நிற்கும். அதனை ஒட்டிச் சிறிது தொலைவு நடந்து, பின் சாலைவழியே கன்ஹேரிக் குகைகளை அடைந்து வந்தனை செய்வது எங்கள் நோக்கம்.

வழியில் புரசு பூத்திருந்தது. மராத்தியர் இதனைப் பளஸ் என்பர்; சென்னைப் புரசைவாக்கத்தின் பெயரிலுள்ள புரசு இதுவே. இலை உதிர்ந்த கிளைகளில் தீப்பற்றினாற்போல மலர். தேன் உண்ண மைனாக்களின் இரைச்சல். முள்ளிலவும் கலியாண முருங்கையும் அவ்வாறே சிவந்து நின்றன.

சென்ற மழைக்காலத்தில் மகனைப் பறிகொடுத்த தாயார் ஒருவர் எம்முடன் வந்திருந்தார். அவர் தாழ்ந்த புரசங்கிளை ஒன்றை முறித்துவிட்டார். "பெரியம்மா, பூங்காவில் ஒன்றையும் பறிக்கக் கூடாது. நம் தம்மத்திற்கும் அது ஒவ்வாது" என்றார் இளைஞர் ஒருவர். "என் பிள்ளையை நினைத்து வைக்கப் போகிறேன் தம்பி. வெறுங்கையோடா போவது?" என்றார் அம்மையார். நானும் கடிந்துகொள்ளவே வாய் திறந்தேன். அக்கேள்வி என்னை அடக்கிற்று.

இளைஞர் சொன்னதில் பிழையில்லை. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தேசியப் பூங்காக்களில் செடிகொடிகளையும் காக்கிறது. மரஞ்செடிகளைச் சிதைத்தல் பிக்குகளுக்கு விநயத்தில் குற்றம். மழைக்காலத்தில் பிக்குகள் பசும்புல்லையும் சிற்றுயிர்களையும் மிதித்துத் திரிகின்றனரென மக்கள் குறைகூறியபோதன்றோ பகவான் மழைக்கால வாசத்தை விதித்தார்! எனினும் விநய விதி பிக்குகளுக்குரியது. இல்லறத்தாரை அதனைக்கொண்டு அதட்டுதல் அறியாமை.

மணிமேகலையும் மலர் கொய்யவே உவவனம் புகுந்தாள். அங்குள்ள பளிக்கறைப் பீடிகையில் இட்ட அரும்பு மலரும். மலர்ந்தது ஆண்டு பல கழியினும் வாடாது என்கிறது காவியம். காவியத்திற்கு அது அழகு. ஆனால் நாம் மலர் வைக்கையில் ஓதும் பாலிச் செய்யுள் மலரின் வாட்டத்தையே உடலின் அழிவுக்கு ஒப்பாகக் காட்டுகிறது. வாடாத மலரை வைத்து அதனை ஓதுவது எங்ஙனம்? வாடும் மலரே வேண்டுமெனில், மரத்தடியில் தானே உதிர்ந்து கிடப்பது போதாதா?

வெறுங்கை என்றாரே, அதற்கும் கன்ஹேரியிலேயே விடையுண்டு. அங்குள்ள பிராமிக் கல்வெட்டுகளில், கல்யாண் ஊர்ப் பொற்கொல்லர் ஒருவர் நீர்த்தொட்டி அளித்ததும், அவ்வூர்க் கொல்லர் ஒருவர் பாதை அமைத்ததும் காணப்படுகின்றன. நம்போன்ற கைத்தொழிலாளர் அவர்கள். அம்மையாரோ காலைமுதல் பெரிய பாத்திரத்தில் நீர் சுமந்து வந்து எங்கள் தாகம் தீர்த்தவர். இதனை அவரிடம் சொன்னேன். அவர் மறுமொழி கூறவில்லை.

இளைஞர் குனிந்து உதிர்ந்த பூக்களைத் தம் கைக்குட்டையில் சேர்த்தார். மூன்றாம் குகையின் தூபியின்முன் அவற்றையும், முறிந்த கிளையையும் அம்மையாரே வைத்தார். திரிசரணமும் பஞ்சசீலமும் ஓதி, உணவருந்தித் திரும்பி வந்து பார்க்கையில் இதழ்கள் சுருங்கிக் கறுக்கத் தொடங்கியிருந்தன. அவர் நெடுநேரம் அவற்றைப் பார்த்து நின்றார். ரயிலில்தான் பேசினார்: "வரும் பங்குனியிலும் வருவோமா, ஐயா?"