ஞாயிறு சமய வகுப்பில் கஹூட்: அந்த 20 விநாடி யாருக்காக?

கிளைகளில் ஞாயிற்றுக்கிழமை சமய வகுப்பு நடத்தும் அண்ணன்மார், அக்காமாருக்காக இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். கைப்பேசியில் கேள்வி விளையாட்டு வைப்பது இப்போது பல வகுப்புகளில் வழக்கமாகிவிட்டது. எங்கள் பிள்ளைகள் "அண்ணே, இன்னிக்கு கஹூட் இருக்கா?" என்று கேட்டுக்கொண்டேதான் உள்ளே வருகிறார்கள். இல்லை என்று சொன்னால் முகம் வாடிவிடும். நானும் ஒரு வருடமாக இதை நடத்துகிறேன். அதில் முதல் ஆறு மாதம் தப்பாகத்தான் நடத்தினேன்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கஹூட் நார்வேயில் ஒரு பல்கலைக்கழக ஆய்விலிருந்து உருவாகி 2013-இல் வெளிவந்தது. பெரிய திரையில் கேள்வியும் நான்கு விடைகளும் வரும். ஒவ்வொரு விடைக்கும் ஒரு நிறம், ஒரு வடிவம். பிள்ளைகள் தங்கள் கைப்பேசியில் அந்த நிறத்தைத் தொட வேண்டும். சரியாகத் தொட்டால் மட்டும் போதாது, வேகமாகவும் தொட வேண்டும். ஒரு கேள்விக்கு 1000 புள்ளி வரை கிடைக்கும், நேரம் ஆக ஆக அது குறையும். ஒவ்வொரு கேள்வி முடிந்ததும் முன்னணியில் இருப்பவர்களின் பெயர் திரையில் வரும். மண்டபமே அதிரும். (புனைபெயரை அவர்களே வைத்துக்கொள்ள விட்டுவிடாதீர்கள். முதல் வாரம் என்னென்ன பெயர் வந்தது என்பதை இந்தப் பத்திரிகையில் எழுத முடியாது!)

எங்கள் வகுப்பில் ஆண்டு 5 படிக்கும் ஒரு பிள்ளை இருக்கிறாள். தேவாரம் பாடினால் எல்லாரும் அமைதியாகிவிடுவார்கள், அப்படி ஒரு குரல். ஆனால் கஹூட்டில் வாராவாரம் கடைசி. நான் முதலில் அவள் கவனிக்கவில்லை என்று நினைத்தேன். பிறகு இரண்டு வாரம் அவள் வரவில்லை. அம்மாவிடம் கேட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. அவள் படிப்பது சீனப்பள்ளி. தமிழை வீட்டில் பேசுவாள், பாட்டைக் காதால் கேட்டே மனப்பாடம் செய்வாள், எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள். கேள்வியையும் நான்கு விடைகளையும் அவள் வாசித்து முடிப்பதற்குள் 20 விநாடி போய்விடும். "எனக்குத் தெரியும்மா, ஆனா டைம் முடிஞ்சிருது" என்று வீட்டில் அழுதிருக்கிறாள்.

எனக்குச் சங்கடமாகிவிட்டது. நான் சமய அறிவைச் சோதிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் சோதித்தது தமிழ் வாசிக்கும் வேகத்தை. நம் நாட்டில் சமய வகுப்புக்கு வரும் பிள்ளைகளில் தமிழ்ப்பள்ளி, தேசியப்பள்ளி, சீனப்பள்ளி என்று எல்லாரும் இருக்கிறார்கள். அவர்களை ஒரே ஓட்டப்பந்தயத்தில் நிறுத்தினால் யார் ஜெயிப்பார் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

இதைச் சரிசெய்யப் பணமே தேவையில்லை, அமைப்பில் போய் இரண்டு மூன்று விஷயத்தை மாற்றினால் போதும். நேரத்தை 20 விநாடியிலிருந்து 60 அல்லது 90-க்குக் கூட்டலாம், 4 நிமிடம் வரைகூட வைக்கலாம். கேள்விக்குப் புள்ளியே இல்லாமல் வைக்கவும் வழி உண்டு. இரண்டு பேருக்கு ஒரு கைப்பேசி கொடுத்துக் குழுவாக விளையாட வைக்கலாம். எல்லாவற்றையும்விட முக்கியம், விடைகளைத் திரையில் காட்டும் முன்பு கேள்வியையும் நான்கு விடையையும் நாமே சத்தமாக வாசித்துவிட வேண்டும். நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன். அந்தப் பிள்ளையும் திரும்பி வந்துவிட்டாள்.

நேரத்தைக் கூட்டியதும் அடுத்த பிரச்சினை வெளியே வந்தது. என் கேள்விகளே சரியில்லை! "பத்துமலையில் எத்தனை படி?" என்று கேட்டிருந்தேன். 272 என்று எல்லாரும் மூன்றே விநாடியில் அடித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு சும்மா ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். நாயன்மார் எத்தனை பேர், திருமுறை எத்தனை என்று நான் வைத்திருந்த பாதிக் கேள்விகள் இந்த ரகம்தான். இவை தெரிந்திருக்க வேண்டியவைதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இதில் யோசிப்பதற்கு ஒன்றும் இல்லை.

பல்கலைக்கழகத்தில் எங்களுக்கு இயற்பியல் எடுத்த விரிவுரையாளர் ஒருவர் வேறு மாதிரி கேட்பார். அது ஹார்வர்டு பேராசிரியர் எரிக் மசூர் 1991-இல் தொடங்கிய முறை என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். மசூரின் மாணவர்கள் சூத்திரம் போட்டுக் கணக்கை முடித்துவிடுவார்கள், ஆனால் அடிப்படைக் கருத்தைக் கேட்டால் தடுமாறுவார்கள். அதனால் அவர் பாடத்தின் நடுவில் ஒரே ஒரு கருத்துக் கேள்வி கேட்பார். எல்லாரும் தனித்தனியாக ஓட்டுப் போட வேண்டும். விடையை உடனே சொல்ல மாட்டார். ஏறக்குறைய 30 முதல் 70 விழுக்காட்டினர் சரியாகச் சொல்லியிருந்தால், "பக்கத்தில் இருப்பவரிடம் பேசி அவரைச் சம்மதிக்க வையுங்கள்" என்று விட்டுவிடுவார். பிறகு மறுபடியும் ஓட்டு. அதற்கும் குறைவாக இருந்தால் பாடத்தையே மறுபடி நடத்த வேண்டும், அதிகமாக இருந்தால் அடுத்ததற்குப் போகலாம்.

இதை நான் தைப்பூசத்துக்கு முந்திய வாரம் செய்து பார்த்தேன். கேள்வி: தைப்பூசம் எதை நினைத்துக் கொண்டாடுகிறோம்? விடைகள்: முருகன் பிறந்தநாள், அன்னை முருகனுக்கு வேல் கொடுத்த நாள், சூரனை வென்ற நாள், தெய்வானையைத் திருமணம் செய்த நாள். இந்த நான்கில் எதுவும் சும்மா இட்டு நிரப்பியது இல்லை. முதலாவது வைகாசி விசாகம், மூன்றாவது கந்த சஷ்டி, நான்காவது பங்குனி உத்திரம். தப்பான விடை என்பது ஒரு பிள்ளை உண்மையிலேயே நினைக்கக்கூடியதாக இருக்க வேண்டும், அப்போதுதான் எங்கே குழம்புகிறார்கள் என்று நமக்குத் தெரியும். சிரிப்புக்காக "தீபாவளி" என்று ஒன்றைப் போட்டால் அந்த இடம் வீண்.

பாதிப் பேருக்கு மேல் பிறந்தநாள் என்றார்கள். வருடா வருடம் பால் குடம் எடுக்கும் குடும்பத்துப் பிள்ளைகள்! விடையைச் சொல்லாமல் பேச விட்டேன். ஒரு பையன், "பாப்பாவுக்குத்தான பால் கொடுப்பாங்க? அதான் பால் குடம்" என்று அடித்துப் பேசினான். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. இன்னொரு பிள்ளை, "அப்புறம் ஏன் வேல் வேல்னு கத்துறோம்? ஹேப்பி பர்த்டேன்னா கத்துறோம்?" என்று திருப்பிக் கேட்டாள். இரண்டாவது ஓட்டில் பெரும்பாலோர் வேலுக்கு மாறிவிட்டார்கள். அதன் பிறகு வேல் என்றால் ஞானம், அறிவு ஆழமாகவும் அகலமாகவும் கூர்மையாகவும் இருக்க வேண்டும் என்று நான் சொன்னபோது காது கொடுத்துக் கேட்டார்கள். போன வருடம் இதையே நான் 20 நிமிடம் பேசினேன், ஒருவருக்கும் ஞாபகம் இல்லை.

கைப்பேசி இல்லாத பிள்ளைகளை என்ன செய்வது என்று கேட்பீர்கள். எங்களுக்கும் கோயில் மண்டபத்தில் வைஃபை கிடையாது, என் ஹாட்ஸ்பாட்டில்தான் வண்டி ஓடியது. இப்போது பிளிக்கர்ஸ் பயன்படுத்துகிறோம். ஒவ்வொரு பிள்ளைக்கும் கறுப்பு வெள்ளையில் ஒரு வடிவம் அச்சிட்ட அட்டை. எந்தப் பக்கம் மேலே வருகிறதோ அதுதான் விடை. அட்டைகளை உயர்த்திப் பிடித்தால் நம் ஒரே கைப்பேசியின் கேமரா எல்லாவற்றையும் படித்துவிடும். எழுத்து சின்னதாக இருப்பதால் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து எழுத முடியாது. வேகத்துக்குப் புள்ளியும் இல்லை. ஒரு எச்சரிக்கை: அட்டையைப் பளபளப்பாக லேமினேட் செய்யாதீர்கள். விளக்கு வெளிச்சம் அடித்துக் கேமராவால் படிக்க முடியாமல் போகும். நாங்கள் அப்படிச் செய்துவிட்டு மறுபடி அச்சிட்டோம்.

மெண்டிமீட்டரில் சொற்கள் மேகம் போல வருமே, அதையும் ஒரு தடவை முயன்றோம். "கோயில் என்றால் என்ன ஞாபகம் வருது?" என்று கேட்டேன். சாப்பாடு என்றுதான் வந்தது, அதுவும் ஆளுக்கு ஒரு விதமாக ஆங்கில எழுத்தில் அடித்ததால் ஒரே சொல் நான்கு துண்டாக நின்றது. ஆனால் பெயர் தெரியாத அந்தத் திரையில் ஒரு மூலையில் "புரியல" என்று ஒரு சொல் இருந்தது. கையைத் தூக்கிச் சொல்லச் சொன்னால் யாரும் இதைச் சொல்லியிருக்க மாட்டார்கள். அன்றைய பாடத்தை நிறுத்திவிட்டு அர்ச்சனையில் ஐயர் என்ன சொல்கிறார் என்பதைப் பேசினோம்.

இன்னொன்று. போன வாரக் கேள்வியில் இரண்டை இந்த வாரத் தொடக்கத்தில் மறுபடி கேளுங்கள். ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் 5 நிமிடம் கழித்து நன்றாகச் செய்தார்கள், ஆனால் ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் தங்களையே சோதித்துக்கொண்டவர்கள்தான் அதிகம் நினைவு வைத்திருந்தார்கள். நமக்கு வகுப்பு வாரத்துக்கு ஒரு நாள்தான் என்பதால் இது மிகவும் உதவும்.

இப்போது பிள்ளைகளையே கேள்வி எழுதி வரச் சொல்கிறேன். அந்தச் சீனப்பள்ளிப் பிள்ளை போன வாரம் ஒன்று கொண்டுவந்தாள், அம்மா எழுதிக் கொடுத்திருந்தார்: "63 நாயன்மாரில் ஏன் மூன்று பேர் மட்டும் பெண்கள்?" காரைக்கால் அம்மையார், மங்கையர்க்கரசியார், இசைஞானியார் என்று பெயரைச் சொல்லிவிட்டேன். "ஏன்" என்பதற்கு நான்கு விடை எழுத உட்கார்ந்தேன், ஒன்றுகூட வரவில்லை. வரும் ஞாயிறு அட்டையை எடுக்காமல், வட்டமாக உட்கார்ந்து அதைப் பேசப்போகிறோம்.