அல்சேசன் குட்டி தேடுகிற பிள்ளைகளுக்கு

வெள்ளவத்தையில் இருந்தும் கொட்டாஞ்சேனையில் இருந்தும் பிள்ளைகள் வந்து, "அங்கிள், நல்ல அல்சேசன் குட்டி எங்கே எடுக்கலாம்?" என்று கேட்கிறார்கள். எங்கே என்பது பிறகு. அது என்ன நாய் என்று தெரியாமல் விலை பேசப் போகாதீர்கள்.

1. அதன் தொழிலை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். நாங்கள் அல்சேசன் என்று சொல்கிற ஜேர்மன் ஷெப்பர்ட் காவலுக்குப் பிறந்த நாய் அல்ல, ஆட்டுமந்தை நாய். ஜேர்மனியில் வயல்களுக்கு வேலி இருக்காது. மந்தை மேய்கிற துண்டுக்கும் பயிருக்கும் நடுவே உள்ள எல்லையில் நாள் முழுக்க மேலும் கீழுமாக ஓடி, ஓர் ஆடும் பயிரில் வாய் வைக்காமல் பார்ப்பதுதான் அதன் வேலை. 1899இல் கார்ல்ஸ்ரூ நாய்க் கண்காட்சியில் மாக்ஸ் ஃபொன் ஸ்டெபானிட்ஸ் என்ற குதிரைப்படை அதிகாரி அப்படியான ஒரு நாயைக் கண்டு வாங்கினார். அதற்கு ஹோராண்ட் என்று பெயர் வைத்தார். அதே ஆண்டில் இந்த இனத்துக்கென்று ஒரு கழகம் அமைத்து, பதிவேட்டில் முதல் நாயாக அதைப் பதிந்தார். பொலிசும் இராணுவமும் பிறகுதான் வந்தன. கண்டி அஸ்கிரியவில் உள்ள பொலிஸ் நாய்களுக்குப் பயிற்சி கொடுக்க ஆள் உண்டு, செய்ய வேலையும் உண்டு. உங்கள் வீட்டில் அதற்கு என்ன வேலை வைத்திருக்கிறீர்கள்?

2. வேலை இல்லையென்றால் தானே ஒன்றைப் பிடித்துக்கொள்ளும். ஹம்டன் ஒழுங்கைப் பக்கம் ஒரு தொடர்மாடியில் பார்த்ததைச் சொல்கிறேன். லிப்ட் திறந்ததும் மூன்று சின்னப் பிள்ளைகள் நடைபாதையில் ஓடினார்கள். பத்து மாதக் கடுவன் ஒன்று குரைக்கவே இல்லை. தலையைத் தாழ்த்திச் சுவரோரமாக வளைத்துப் போய், கடைசியாக ஓடின பிள்ளையின் குதிக்காலில் மெல்ல ஒரு பல் வைத்தது. பிள்ளை நின்றதும் நாயும் நின்றது. அது கோபம் இல்லை, தொழில் சுத்தம்! ஆனால் அதைக் கட்டடக் குழுவுக்கு விளங்கப்படுத்த முடியுமா? மோட்டார் சைக்கிளையும் ஓட்டோவையும் துரத்துவதும் இதே குணம்தான். அடித்து நிறுத்தப் பார்த்தால் பயந்த நாய்தான் மிஞ்சும். சிறு வயதிலேயே "வா", "இரு", "விடு" மூன்றையும் பழக்குங்கள். ஒளித்து வைத்த பொருளை மணந்து தேட விடுங்கள். ஓடுவதைவிட மூக்கால் தேடுவதில்தான் நாய் சீக்கிரம் களைக்கும்.

3. வீடியோ பார்த்துவிட்டு போர்டர் கொலி கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். அது பதுங்கி, கண்ணை எடுக்காமல் முறைத்துப் பார்த்தே மந்தையைச் சேர்க்கிற நாய். அல்சேசனைவிடவும் கூடுதலாக வேலை கேட்கும். இரண்டு அறை வீட்டுக்கு வேண்டாம்.

4. வெக்கை. வளர்ந்த கடுவன் 30 முதல் 40 கிலோ வரை வரும். மேலே முரட்டு மயிர், அடியில் பஞ்சு மயிர். மொட்டையடித்தால் குளிர்மை என்று நினைக்காதீர்கள். தோல் வெயிலில் வேகும், மயிரும் ஒழுங்காகத் திரும்பி முளைக்காமல் போகலாம். விடிய ஆறு மணிக்கு முன்னர் மரைன் டிரைவ், பின்னேரம் இருட்டின பிறகு இன்னொரு நடை. வெள்ளவத்தையில் கடற்கரைக்குப் போக ரயில் பாதையைக் கடக்க வேண்டும். எவ்வளவு பழகின நாயானாலும் அங்கே கயிற்றை விடக் கூடாது. பகலில் காலி வீதித் தாரில் புறங்கையை வைத்துப் பாருங்கள். உங்களுக்குச் சுட்டால் அதற்கும் சுடும். மூச்சு இளைத்து, நாக்கு கருஞ்சிவப்பாகி, நடை தள்ளாடினால் குழாய்த் தண்ணீரால் நனைத்து, காற்றாடியைப் போட்டு, உடனே மிருக வைத்தியரிடம் ஓடுங்கள்.

5. இடுப்பு மூட்டு இந்த இனத்தின் பலவீனம். தாய் தகப்பனுடைய இடுப்பு எக்ஸ்ரே இருக்கிறதா என்று கேளுங்கள். ஒரு வயதுக்கு முன் எடுத்த படத்துக்கு ஜேர்மன் கழகம் சான்று கொடுக்காது. நீங்களும் ஏற்க வேண்டாம். "எங்கள் நாய் நல்லாத்தான் நடக்குது" என்பது பதில் அல்ல. கெனல் அசோசியேஷன் பத்திரம் வம்சத்தைச் சொல்லும், மூட்டைச் சொல்லாது. முதல் மூன்று மாதம் தினமும் படி ஏறி இறங்கிய பெரிய இனக் குட்டிகளுக்கு இடுப்பு மூட்டு நோய் கூடுதலாக வந்ததை நோர்வே ஆய்வு ஒன்று காட்டியது. லிப்ட் இல்லாத கட்டடத்தில் மூன்றாம் மாடியா? குட்டியைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். வழுக்குகிற டைல்சுக்கு மேல் ஒரு பாய் விரியுங்கள்.

6. தாய்நாயைப் பார்க்காமல் குட்டி எடுக்காதீர்கள். "தாய் ஊரில நிக்குது" என்றால் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழும்பி வாருங்கள். தாய் உங்களைக் கண்டு குரைக்கட்டும், அது சரி. வீட்டுக்காரர் சொன்ன பிறகும் மூலையில் ஒதுங்கி உறுமினால் குட்டிகளிலும் அந்தப் பயம் இருக்கும். குட்டிகள் விளையாடும்போது திறப்புக் கொத்தைக் கொஞ்சம் தள்ளி நிலத்தில் போடுங்கள். திடுக்கிட்டாலும் திரும்பி வந்து மணந்து பார்க்கிற குட்டியை எடுங்கள். எட்டு வாரத்துக்கு முன் தாயிடமிருந்து பிரிக்க வேண்டாம்.

7. இதை நான் கொஞ்சம் கடுமையாகவே சொல்வேன். இந்த நாய் பத்துப் பன்னிரண்டு வருடம் இருக்கும். உங்களில் எத்தனை பேர் அவ்வளவு காலம் கொழும்பில் இருக்கப் போகிறீர்கள்? ஏ.எல். முடித்து மகன் லண்டனுக்கு, மகள் கனடாவுக்கு, நாய் அம்மம்மாவோடு. முழங்கால் வலிக்கிற எழுபது வயது மனுசி முப்பத்தைந்து கிலோ நாயை எப்படி இழுத்துப் பிடிப்பது? விசாவுக்குப் போட்டிருந்தால் குட்டி எடுக்காதீர்கள். வீட்டில் யார் நிலையாக இருக்கப் போகிறார்களோ அவர் "சரி" சொல்ல வேண்டும். அப்பாவின் தலையாட்டல் போதாது.

8. சாப்பாடு. இறைச்சி சமைக்காத சைவ வீடென்றால் நாய்க்கு யார், எந்தச் சட்டியில் அவிப்பது என்பதை முதலிலேயே பேசி முடியுங்கள். 2022இல் டொலர் தட்டுப்பாட்டோடு இறக்குமதித் தீன் விலை எங்கே போனது என்பது எல்லோருக்கும் நினைவிருக்கும்.

9. ஆடிவேல், கொச்சிக்கடை அந்தோனியார் திருநாள், புதுவருடம் என்று வெடிச் சத்தம் வருகிற வாரத்தில் குட்டியைக் கொண்டுவர வேண்டாம். ஜம்பட்டா வீதிப் பிள்ளைகளுக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை.

10. உண்ணி நாயைக் கொல்லும். காதுக்குள்ளும் விரல் இடுக்கிலும் தினமும் பாருங்கள். சாப்பாட்டை விட்டுவிட்டு, முரசு வெளிறி, சிறுநீர் கறுத்தால் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். அன்றைக்கே இரத்தப் பரிசோதனை.

11. விசர்நாய்த் தடுப்பூசியும் மாநகர சபைப் பதிவும் விருப்பம் போல் செய்கிற காரியங்கள் அல்ல. விசர்நாய் நோய்ச் சட்டம் 1893இலும் நாய்ப் பதிவுச் சட்டம் 1901இலும் வந்துவிட்டன. ஊசி போட்ட அட்டையைப் பக்கத்து வீட்டாருக்கும் ஒருதரம் காட்டிவிடுங்கள். லிப்டுக்குள் கதை குறையும்.