தொலைக்காட்சியில் நிறம் சரிபார்த்தல்

கடையிலுள்ள மின்னணுத் தராசுக்கு ஆண்டுக்கு ஒருமுறை முத்திரை போடுகிறோம். வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியை வாங்கி வந்த நாள் முதல் யாரும் சரிபார்ப்பதில்லை. படம் பார்ப்பதோடு சரி என்பவர்களுக்கு அதனால் நஷ்டம் ஒன்றுமில்லை. ஆனால் மிளகாய், மஞ்சள், பருப்பு மாதிரிகளைக் கைப்பேசியில் படமாக வரவழைத்து, பெரிய திரையில் போட்டுப் பார்த்து விலை பேசும் வணிகர்களுக்கு இது கொள்முதல் விஷயம்.

விற்பனைக் கூடத்தில் பக்கத்துப் பெட்டியைவிடப் பளிச்சென்று தெரிய வேண்டும் என்பதற்காக 'விவிட்' போன்ற அமைப்புகள் இருக்கின்றன. வெள்ளையில் நீலம் கலந்து, சிவப்பைத் தூக்கிக் காட்டும். மங்கிய மிளகாயும் அதில் புதுச் சரக்குதான்!

முதலில் அமைப்பை 'சினிமா', 'மூவி' அல்லது 2019இல் அறிவிக்கப்பட்ட 'பிலிம்மேக்கர்' முறைக்கு மாற்றுங்கள். நிற வெப்பநிலையை 'வார்ம்' என்று வையுங்கள். படம் தயாரிப்போர் வெள்ளைக்கு வைத்திருக்கும் அளவு ஏறத்தாழ 6500 கெல்வின். அதற்கு அநேகமாக நெருங்கி வருவது இதுதான். முதல் சில நாட்கள் திரை மஞ்சளடித்தது போலிருக்கும். நீல வெள்ளைக்குப் பழகிய கண்ணின் கோளாறு அது, மாற்றிவிடாதீர்கள். 'டைனமிக் கான்ட்ராஸ்ட்' போல, படத்துக்கு ஏற்பத் தானாகவே கூட்டிக் குறைப்பவற்றை நிறுத்திவிடுங்கள்.

அடுத்தது 'பிரைட்னஸ்'. பெயரைக் கண்டு ஏமாற வேண்டாம். பல பெட்டிகளில் இது வெளிச்சத்தைக் கூட்டுவதல்ல, கறுப்பின் அளவை வைப்பது. (சில நிறுவனங்கள் இதையே 'பிளாக் லெவல்' என்கின்றன.) நல்ல மிளகுக் குவியலின் படம் ஒன்றைப் போடுங்கள். அதிகம் வைத்தால் மிளகு சாம்பல் பூத்துப் போகும். குறைத்தால் சுருக்கங்கள் மறைந்து கரிக்கட்டியாகிவிடும். சுருக்கம் தெரிந்து, கறுப்பும் கறுப்பாக இருக்கும் இடமே சரி. 'கான்ட்ராஸ்ட்'டுக்கு அரிசிக் குவியல். மணி மணியாகத் தெரியாமல் சுண்ணாம்பு பூசியது போலானால் குறைக்க வேண்டும். அறையின் வெளிச்சத்துக்கு ஏற்பப் பகலில் கூட்டி இரவில் குறைக்க வேண்டியது 'பேக்லைட்' மட்டுமே. நிறச் செறிவுக்கு மனித முகத்தைப் பாருங்கள். நமக்கோ மஞ்சளும் புளியும்கூட நன்றாகத் தெரிந்த நிறங்கள்தானே.

நண்பர் வீட்டுப் பெட்டியின் வெள்ளைச் சமன் எண்களை எழுதி வந்து போடுவது வீண் வேலை. ஒரே மாதிரிப் பெட்டி என்றாலும் திரைக்குத் திரை வேறுபாடு உண்டு. அந்த எண்களைத் தொட அளவுக் கருவி வேண்டும்.

பெட்டி சரியானாலும் படம் சரியாக வர வேண்டுமே! கைப்பேசிக் கேமரா வெள்ளையைத் தன் போக்கில் தீர்மானிக்கிறது. மாதிரி அனுப்புபவரிடம், பகலில் நிழலில் வைத்து, பக்கத்தில் ஒரு வெள்ளைத்தாளும் சேர்த்துப் படமெடுக்கச் சொல்லுங்கள். திரையில் தாள் மஞ்சளாகவோ நீலமாகவோ தெரிந்தால் சரக்கின் நிறமும் அதே அளவு தவறு. மிளகாயின் நிறத்தை ஆய்வகத்தில் ஆஸ்டா அலகில் அளந்து சொல்கிறார்கள். லாரிக் கணக்கில் வாங்குவோர் அந்தச் சான்றையும், கையில் வைத்துப் பார்க்க ஒரு பொட்டலம் மாதிரியையும் கேட்டு வாங்கிக்கொண்டு விலை பேசலாம்.