மடங்கிய விரல் நிமிர: தொழுநோய்க் கைக்கான ஆபரேஷன், ஒரு முழுமையான வழிகாட்டி

சுண்டுவிரலும் மோதிர விரலும் உள்ளே மடங்கிவிட்டால் தறியில் நாடாவைப் பிடிக்க முடியாது, அறுந்த பாவு இழையைப் பிணைக்க முடியாது. தொழுநோயால் இப்படி ஆகலாம். காஞ்சிபுரத்துக்குப் பக்கத்துச் செங்கல்பட்டு திருமணியில்தான், 1940-களின் பிற்பகுதியில், டாக்டர் ராபர்ட் காக்ரேன் தம் நோயாளிகளின் கைகளை டாக்டர் பால் பிராண்டுக்குக் காட்டினார். பிராண்ட் வேலூர் சி.எம்.சி.யில் அந்தக் கைகளைச் சீர்செய்யும் ஆபரேஷனைத் தொடங்கினார்.

விரல் ஏன் மடங்குகிறது?

முழங்கையின் உட்பக்கம் இடித்துக்கொண்டால் சுரீரென்கிறதே, அந்த நரம்பைத்தான் கிருமி கெடுக்கிறது. உள்ளங்கையின் சிறு தசைகள் செயலிழக்கும். விரலின் அடிக்கணு பின்னால் சாயும், நடுக்கணு மடங்கும்.

முதலில் மாத்திரை

கூட்டு மருந்தை 6 அல்லது 12 மாதம், டாக்டர் சொன்னபடி முடிக்க வேண்டும். அரசு இலவசமாகத் தருகிறது. விரல் மடங்கி 6 மாதத்துக்குள் என்றால் ஸ்டீராய்டு மாத்திரையிலேயே பலம் திரும்பலாம். வெட்கப்பட்டுக் கையை முந்தானையில் மறைத்துக்கொண்டு இந்தக் காலத்தைத் தவறவிடுகிறவர்கள் உண்டு.

ஆபரேஷனுக்கு ஏற்ற கையா?

அடிக்கணுவை டாக்டர் மடக்கிப் பிடித்துக்கொண்டு “விரலை நீட்டுங்க” என்பார். நீண்டால் நல்ல சகுனம். மூட்டு இறுகியிருந்தால் மெழுகு ஒத்தடம், எண்ணெய் தேய்த்து நீவுதல், பயிற்சி என்று முதலில் இளக்க வேண்டும். புண் ஆறியிருக்க வேண்டும். மருந்து முடிந்து, நரம்பு வீக்கமும் அடங்கிச் சில மாதமாவது ஆகியிருக்க வேண்டும்.

மேசையில் நடப்பது

செத்த நரம்பை யாரும் உயிர்ப்பிப்பதில்லை. வேலை செய்கிற வேறொரு தசையின் நாணைக் கடன் வாங்குகிறார்கள். ஒரு முறையில், நடுவிரலை மடக்கும் இரு நாண்களில் ஒன்றை எடுத்து, நான்காகக் கீறி, உள்ளங்கை வழியாக நான்கு விரலுக்கும் கொண்டுபோய்த் தைப்பார்கள். மற்றொரு நாண் இருப்பதால் நடுவிரல் முடங்காது. எவ்வளவு இழுத்துத் தைப்பது என்பதில்தான் கைத்திறன்: தளர்ந்தால் பயனில்லை, இறுகினால் விரல் எதிர்ப்பக்கம் வளையும்.

மாவுக்கட்டுக்குப் பிறகு

மூன்று வாரம் கட்டு. பிரித்ததும் மூளைக்குப் பாடம் தொடங்கும். நடுவிரலை மடக்குவதாக நினைத்தால் நான்கு விரலும் அடிக்கணுவில் மடங்கும், நோயாளியே திகைப்பார். இன்னும் மூன்று, நான்கு வாரம் பயிற்சி தேவை. இதைப் பாதியில் விட்டு வீட்டுக்கு ஓடினால் ஆபரேஷன் செய்ததே வீண்.

உணர்ச்சி திரும்பாது

ஆபரேஷனுக்குப் பிறகும் வலி தெரியாத கைதான். சாயத்தொட்டியின் கொதிநீரும் அடுப்பும் சுட்டாலும் தெரியாது. துணி சுற்றிப் பிடியுங்கள், தினமும் உள்ளங்கையைக் கண்ணால் பாருங்கள்.

எங்கே கேட்பது?

அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் தொடங்குங்கள். திருமணியில் 1955 முதல் மத்திய அரசின் தொழுநோய் ஆராய்ச்சி நிலையம் இயங்குகிறது. காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டுக்கு ரயிலும் உண்டு. ஆபரேஷன் செய்துகொள்பவருக்குக் கூலி இழப்பை ஈடுகட்ட அரசு உதவித்தொகை இருக்கிறது. அதையும் கேட்டு வாங்குங்கள்.