முகத்துவாரத்தின் வளத்தை மீன்குஞ்சுகளால் அறிதல்

நிலத்தின் வளத்தை அறிய விரும்பும் குடியானவன் எத்தனை நாற்று நட்டிருக்கிறதென்று எண்ணுவதோடு நிற்பதில்லை. நட்ட பயிர் எவ்வண்ணம் பச்சை பிடித்து வளர்கிறதென்று பார்க்கிறான். ஆறும் கடலும் கூடும் முகத்துவாரங்களுக்கும் இவ்விதியே பொருந்தும்.

மடவை, பால்கெண்டை முதலிய மீன்கள் கடலில் முட்டையிடுகின்றன. அவற்றின் குஞ்சுகள் கடலேற்றத்துடன் முகத்துவாரத்தினுட் புகுந்து, ஆழமற்ற நீரிலும் சேற்றுப் பரப்பிலும் இரை தின்று வளர்ந்து, பின்னர் கடலுக்குத் திரும்புகின்றன. ஆகையால் முகத்துவாரம் கடல் மீனுக்கு நாற்றங்காலாகும். அது கெட்டால் குஞ்சு பிடித்துக் குளத்தில் விடுவோருக்கும், கடலில் வலை வீசுவோருக்கும் நஷ்டமே.

குஞ்சுகள் திரளாகக் காணப்படுவதைக் கொண்டு அவ்விடம் நல்லதென்று தீர்மானிப்பது தவறு. ஏற்றத்தண்ணீர் நல்ல இடத்திற்கும் கெட்ட இடத்திற்கும் குஞ்சுகளைக் கொண்டுசேர்க்கும். முன் வந்தவை மடிய, பின் வந்தவை அவ்விடத்தை நிரப்புதலும் உண்டு. பரப்பளவுக்கு ஏற்ப வளர்ந்த மீனை மிகுதியாகக் கடலுக்கு அளிக்கும் இடமே உண்மையான நாற்றங்கால் என்று 2001-ஆம் ஆண்டில் அமெரிக்க விஞ்ஞானிகள் சிலர் வரையறுத்தனர்.

பரீட்சை செய்யும் முறை:

1. ஒப்பிட வேண்டிய இரண்டு இடங்களில், ஒரே பருவத்தில், ஒரே ஜாதிக் குஞ்சுகளை ஏறக்குறைய ஒரே நீளத்தில் இருபது வீதம் பிடிக்கவும்.

2. வாய் நுனி முதல் வால் நுனி வரை ஒவ்வொன்றையும் சென்டிமீட்டரில் அளக்கவும்.

3. நீருள்ள பாத்திரத்தை முதலில் நிறுத்து, மேல்நீர் வடித்த குஞ்சுகளை அதிலிட்டு மறுபடி நிறுத்தால், வித்தியாசமே அவற்றின் எடை. அதனை இருபதால் வகுக்கவும். பின் குஞ்சுகளை உயிருடன் விட்டுவிடலாம்.

4. சராசரி எடையை (கிராம்) நூறால் பெருக்கி, சராசரி நீளத்தை மூன்று முறை வைத்துப் பெருக்கி வந்த தொகையால் வகுக்கவும். கிடைப்பது புஷ்டி எண்.

உதாரணமாக, 6 சென்டிமீட்டர் நீளமுள்ள குஞ்சின் எடை 2.16 கிராம் எனில், 216-ஐ 216-ஆல் வகுக்க எண் 1 ஆகும். அதே நீளமுள்ள வேறிடத்துக் குஞ்சு 1.73 கிராமே இருப்பின் எண் 0.8, அது மெலிந்த குஞ்சு.

வெவ்வேறு ஜாதி மீன்களை இவ்வெண்ணால் ஒப்பிடலாகாது. உடலமைப்பு வேறாதலின் எண்ணும் வேறாகும். அன்றியும், எண் குறைந்திருப்பது நோயை உணர்த்துமேயன்றி அதன் காரணத்தை உணர்த்தாது. இரைக்குறைவு, நெருக்கம், ஒட்டுண்ணி, உப்பின் ஏற்றத்தாழ்வு, கழிவுநீர் ஆகிய எதுவும் காரணமாயிருக்கலாம். எனவே செவுளின் நிறம், துடுப்பின் சிதைவு, தோலின் புண் ஆகியவற்றையும் குறித்துக்கொள்க. பூதக்கண்ணாடி மட்டும் போதாத நுட்பமும் ஒன்றுண்டு: மீனின் செவிக்கல்லில் நாளுக்கொரு வளையம் படிகிறதென்று 1971-இல் பன்னெல்லா என்பவர் வெளியிட்டார். வளையங்கள் நெருங்கியிருப்பின் வளர்ச்சி குன்றியதென்பது பொருள். இதனை நுண்ணோக்கியுள்ள ஆராய்ச்சி நிலையங்களே செய்ய இயலும்.

கொசஸ்தலையாறு கடல் சேரும் எண்ணூர்க் கழிமுகத்தில் அனல்மின் நிலையங்களின் சாம்பலும் வெந்நீரும் பல்லாண்டுகள் சேர்ந்தன. 2023 டிசம்பர் புயல் வெள்ளத்தின்போது எண்ணெயும் பரவிற்று. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை ஆராய்ச்சியாளர்கள் எண்ணூர் மடவைகளைக் கோவளத்து மடவைகளுடன் ஒப்பிட்டு, எண்ணூர் மீன்களின் கல்லீரலில் நலிவின் அறிகுறிகள் மிகுந்திருக்கக் கண்டனர். அங்கு மீன் இல்லாமலில்லை. இருந்த மீனே நலிந்திருந்தது என்பது கவனிக்கத்தக்கது.

ஆதலால் முகத்துவார ஓரத்துக் கிராமத்தார் மாதந்தோறும் ஒரு தேதியில் இப்பரீட்சையைச் செய்து, ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வருவார்களாக. கால்வாயில் கழிவு விடப்படும்போதோ முகத்துவாரம் மணலால் அடைபடும்போதோ, “மீன் குறைந்துவிட்டது” என்ற வாய்மொழியினும் அந்நோட்டுப் புத்தகம் அதிகாரிகளிடம் வலிய சாட்சியாகும்.