கதவைச் சாத்திக்கொண்டு கும்பிடாதே

அன்புள்ள தம்பிக்கு,

எத்தனை தடவை அடித்தாலும் நீ போனை எடுப்பதில்லை என்று உன் அம்மா அழுகிறாள். வேலை போனதும் கடன் ஏறியதும் இந்த அத்தைக்குத் தெரியும். சாமியும் கைவிட்டுவிட்டது என்றாயாம். அதைக் கேட்டதிலிருந்து அத்தைக்குத் தூக்கமில்லை.

பாட்டியை நினைத்துப் பார். சப்பான்காரன் காலத்தில் ஜாசின் பக்கத்துத் தோட்டத்திலிருந்து தாத்தாவைச் சயாமுக்குக் கொண்டுபோனார்கள். 1942-43இல் அந்த 415 கிலோமீட்டர் மரண ரயில் பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் போனார்கள்; காலராவிலும் மலேரியாவிலும் எத்தனையோ பேர் அங்கேயே மடிந்தார்கள். தாத்தாவும் திரும்பவில்லை. பொழுது சாய்ந்தால் லயத்துப் பெண்கள் மாரியம்மன் கோயிலில் கூடுவார்கள். ஒருத்தி சூடம் ஏற்றுவாள், ஒருத்தி அழுவாள், ஒருத்தி அவித்த மரவள்ளிக்கிழங்கைப் பங்கு வைப்பாள். பாட்டி பிள்ளைகளை ஆளாக்கியது அந்தக் கோயில் வாசலில் உட்கார்ந்துதான்.

தோட்டத்தை விற்றதும் எல்லாரும் ஃபிளாட்டுக்குப் போனோம், கூடிக் கும்பிடுவதையும் விட்டோம். நம் குடும்பம் தடுமாறியது அங்கேதான். உன் அப்பாவிடம் சொன்னால் சிரிப்பார்.

நீயோ அறைக்குள் இருந்துகொண்டு எவனோ ஒரு பரிகாரக்காரனுக்குப் பணம் அனுப்புகிறாய். அவனுக்கு வேண்டியது உன் பயம், தம்பி. பயந்து பணம் அனுப்புவது சரணாகதி இல்லை.

கூடிக் கும்பிட இடமா இல்லை? மலாக்கா பொய்யாத விநாயகர் கோயில் 1781இலிருந்து நிற்கிறது. டச்சுக்காரர்கள் கொடுத்த நிலத்தில் மலாக்காச் செட்டிகள் கட்டியது. மாசி மகத்துக்கு அங்கிருந்துதான் முருகன் வெள்ளி ரதத்தில் செங் சன்னாசிமலைக்குப் புறப்படுகிறார். பால்குடம் தூக்கும் பெண்களின் உள்ளங்கால் தார்ச்சூட்டில் சிவந்திருக்கும். முன்பின் தெரியாத யாரோ தண்ணீர் ஊற்றுவார்கள். சாமி அந்த மாதிரி ஆட்கள் வழியாகத்தான் வருவார் என்பது அத்தையின் நம்பிக்கை.

வருவதும் வராததும் உன் இஷ்டம். ஆனால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் அத்தை அந்த விநாயகர் கோயில் வாசலில்தான் நிற்பாள்.

மனசு தப்பாகப் போனால், சாமியிடம் சொன்ன கையோடு 15555க்கும் அடி. சுகாதார அமைச்சின் மனநல உதவி எண் அது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக வைத்திருந்த சட்டப் பிரிவையும் 2023இல் நீக்கிவிட்டார்கள். போலீஸ் வருமோ என்று பயப்படாதே.

ரொம்பத் திட்டிவிட்டாளோ அத்தை? நீ தங்கமான பிள்ளை, ராசா. கடனைப் பற்றி உட்கார்ந்து பேசலாம்; அத்தையின் சேமநிதிப் பணம் கொஞ்சம் இருக்கிறது. சனிக்கிழமை உனக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு வைக்கிறேன். முதலில் அம்மாவுக்குப் போன் போடு.

அன்புடன்,
அத்தை